பொதுப் பூங்காவிற் பறக்கும் தட்டு

கல்லூரி விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருதல் வேண்டும் என்று பழைய மாணவர் சங்கத்தார் கேட்டபோது, தமிழாசிரியராகிய எம்மிடம் அவர்கள் இலக்கியக் கட்டுரை ஒன்றையே எதிர்பார்த்திருப்பர். யாம் எடுத்துக்கொண்ட பொருளோ ஒரு விளையாட்டு. அதுவும் நம் கல்லூரி மைதானத்தில் என்றும் ஆடப்படாத விளையாட்டு. அதனைப் பற்றி எழுதத் தமிழாசிரியருக்கு என்ன தகுதி என்று உடற்பயிற்சி ஆசிரியர் வினவக்கூடும். தகுதி ஒன்று உண்டு. அதனை ஒரு நாள் ஆடினோம்; ஆடுகையிற் பிழை ஒன்று செய்தோம்; எம்மிடம் படித்த மாணவர் ஒருவராலே திருத்தப்பட்டோம். அப்பிழையும் திருத்தமும் பழைய மாணவர்க்கும் இன்றைய மாணவர்க்கும் ஒருங்கே பயன்படும் என்னும் துணிபினால் இதனை எழுதலானோம்.

அமெரிக்க ஐக்கிய நாட்டின் கலிபோர்ணியா மாநிலத்திலே பசடீனா என்னும் நகர் உண்டு. அந்நகரை அடுத்து, சான் கேப்ரியேல் மலையடிவாரத்தில், ஓக் மரங்கள் செறிந்த பூங்கா ஒன்று அமைந்திருக்கின்றது. முன்னர் ஓக் குறோவ் பூங்கா என்று பெயர் பெற்றிருந்த அவ்விடம் இப்பொழுது ஹகமொங்கா நீரேந்து பூங்கா என வழங்கப்படுகின்றது. அறோயோ செக்கோ என்னும் ஆற்றின் படுகையிலே அது கிடக்கின்றது. ஸ்பானிய மொழியில் அப்பெயர்க்கு ‘வறண்ட ஓடை’ என்பது பொருள். பூங்காவின் அயலிலேதான் விண்கலங்களை ஆக்கி இயக்கும் ஜெற் உந்துகை ஆய்வுகூடம் உள்ளது. 1977இல் ஏவப்பட்ட வோயேஜர் கலங்கள் இரண்டும் அங்கு உருவானவையே. ஞாயிற்றுக் கோள்களையெல்லாம் கடந்து சென்ற கலங்கள் பிறந்த இடத்திற்கு அருகிலே, மரநிழலிற் சிலர் பிளாஸ்ரிக் தட்டுகளை எறிந்து விளையாடிக்கொண்டிருந்தனர். அந்நகரில் வதியும் எமது பழைய மாணவர் ஒருவர், ஒரு ஞாயிறு காலை எம்மை ஆங்கு அழைத்துச் சென்றார்.

அவ்விளையாட்டின் பெயர் டிஸ்க் கோல்ப். தட்டுக் கோல்ப் என நாம் அதனைத் தமிழாக்கிக்கொள்ளலாம். கோல்ப் ஆட்டத்திலே சிறு பந்தைக் கோலால் அடித்துக் குழியில் வீழ்த்துவர். இங்கோ பந்தும் இல்லை, கோலும் இல்லை, குழியும் இல்லை. பந்திற்கு ஈடாகக் கையால் எறியும் தட்டு. குழிக்கு ஈடாக இரும்புக் கம்பம் ஒன்றிற் பொருத்திய கூடை. கூடைக்கு மேலே கம்பத்தைச் சுற்றிச் சங்கிலிகள் தொங்கும். பறந்து வரும் தட்டு சங்கிலிகளில் மோதி, வேகம் தணிந்து, கீழேயுள்ள கூடையில் வீழும். அப்போது எழும் கலகலவென்னும் ஓசையே ஆடுவோர் செவிக்கு இனிய பரிசு.

ஆட்டமுறை எளியது. தொடக்கத் தளத்தில் நின்று முதல் எறி எறியப்படும். தட்டு வீழ்ந்து கிடக்கும் இடத்துக்குச் சென்று, அவ்விடத்தின் பின்னே நின்று, அடுத்த எறி எறிதல் வேண்டும். கூடைக்கு மிகத் தொலைவில் உள்ளவரே முதலில் எறிவர். தட்டு கூடையிற் சேரும்வரை எறிந்த எறிகளை எண்ணிக் குறித்துக்கொண்டு அடுத்த தொடக்கத் தளத்துக்குச் செல்வர். இங்ஙனம் பதினெட்டுக் கூடைகளை முடித்தால் ஓர் ஆட்டம் முடிந்ததாகும். சில இடங்களில் ஒன்பது கூடைகளே உண்டு. எறிகளின் கூட்டுத்தொகை எவருக்குக் குறைவோ அவரே வென்றவர். எல்லைக்குப் புறத்தே தட்டு வீழ்ந்தால் தண்டமாக ஓர் எறி கூட்டப்படும். கூடைக்குப் பத்து மீற்றருக்குள் நின்று எறிபவர், எறிந்த பின்னர் முன்னோக்கிச் சரியாது நிலைபெற்று நிற்றலும் வேண்டும்.

இனி, இவ்விளையாட்டின் வரலாற்றைச் சிறிது நோக்குவாம். தட்டை எறிந்து மகிழ்தல் சிறுவர்க்கு இயல்பு. வோல்ரர் பிறெட்றிக் மொறிசன் என்பார் 1937இல் சோளப்பொரித் தகரத்தின் மூடி ஒன்றை எறிந்து விளையாடத் தொடங்கினார். மறு ஆண்டிலே கடற்கரையில் அவர் கேக் சுடும் தகரத் தட்டு ஒன்றை எறிந்து விளையாட, கண்டவர் ஒருவர் அதனை இருபத்தைந்து சதத்துக்கு விலை கேட்டார். கடையில் அதன் விலை ஐந்து சதமே. வாணிகம் அங்கே பிறந்தது. பின்னர் மொறிசன் பிளாஸ்ரிக்கினாற் செய்த பறக்கும் தட்டை 1957இல் வாம்-ஓ என்னும் விளையாட்டுப் பொருட் கம்பனி வாங்கிக்கொண்டது. பிறிஸ்பி என்னும் பெயரை அதற்கு இட்டதும் அக்கம்பனியே. அது வணிகப் பெயராதலினாற்றான் இவ்விளையாட்டு பிறிஸ்பி கோல்ப் எனப்படாது தட்டுக் கோல்ப் எனப் பொதுப்பெயர் பெற்றது.

அக்கம்பனியிற் பணிபுரிந்த எட் ஹெட்றிக் என்பவரே தட்டுக் கோல்ப்பின் தந்தை எனப் போற்றப்படுகின்றார். தட்டின் மேற்புறத்திலே வட்ட வட்டமாக வரம்புகளை அமைத்து அதன் பறப்பைச் சீர்செய்து, 1967இற் காப்புரிமை பெற்றவர் அவர். அவருக்கு முன்னரும் மரங்களையும் கம்பங்களையும் குப்பைத் தொட்டிகளையும் இலக்காகக் கொண்டு தட்டெறிந்தோர் பலர் இருந்தனர். எனினும் நிலையான முதல் ஆடுகளம் 1975இல் யாம் மேலே கூறிய ஓக் குறோவ் பூங்காவிலே ஹெட்றிக்கினால் அமைக்கப்பட்டது. தொடக்கத்தில் அங்குக் கூடைகள் இல்லை. நட்ட கம்பங்களே இலக்குகளாக இருந்தன. தட்டு கம்பத்திற் பட்டதா படவில்லையா என்னும் வழக்குத் தீராமையால் அவர் சங்கிலியும் கூடையும் கொண்ட பொறியை ஆக்கினார். 1977இல் அதற்கும் காப்புரிமை கிடைத்தது. 1976இலே தொழில்முறைத் தட்டுக் கோல்ப் சங்கத்தைத் தொடக்கியவரும் அவரே. 2002இல் அவர் மறைந்தார். அவர்தம் விருப்பப்படி அவரது சாம்பரிற் சிறிது கலந்து தட்டுகள் வார்க்கப்பட்டன. இறந்த பின்னரும் பறப்பதற்கு ஆசைப்பட்ட மனிதர் போலும்!

கடற்கரையிற் சிறுவர் எறியும் அகன்ற மென்மையான தட்டும் கோல்ப்புக்கு எறியும் தட்டும் ஒன்றல்ல. கோல்ப் தட்டு சிறியது. குறுக்களவு பெரும்பாலும் இருபத்தொரு சென்ரிமீற்றர். நிறையோ நூற்றைம்பது முதல் நூற்றெண்பது கிராம் வரை. நம் மாணவர் நன்கறிந்த கிரிக்கெற் பந்தின் நிறை நூற்றறுபது கிராம் அளவினதே. ஆகவே, கிரிக்கெற் பந்துக்கு ஒத்த நிறையுள்ள வன்பொருள் ஒன்று காற்றிலே வருகின்றது என்று கொள்க. மேலும், 1983 முதல் விளிம்பு சரிவாகச் சீவப்பட்ட தட்டுகள் வழக்கிற்கு வந்தன. காற்றை எளிதிற் கிழித்துச் செல்லும் அவை முன்னையவற்றினும் மிகத் தொலைவு பறந்தன. நெடுந்தொலைவு எறிவதற்குரிய தட்டை டிறைவர் என்றும், இடைத்தொலைவுக்குரியதை மிட்றேஞ் என்றும், கூடைக்கு அணித்தாக நின்று எறிவதற்குரியதைப் பற்றர் என்றும் ஆடுவோர் வழங்குவர். தேர்ந்த வீரர் எறியும் டிறைவர் மணிக்கு நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தோடு கையை விட்டு அகலும். 2016இல் நெவாடாப் பாலைவெளியில், காற்றின் துணையோடு எறியப்பட்ட தட்டு ஒன்று 338 மீற்றர் சென்று வீழ்ந்தது.

இத்தட்டு நேரே செல்வதில்லை என்பது முதன்முதல் எறிபவர்க்கு வியப்பளிக்கும். வலக்கையாளர் ஒருவர் தட்டை மார்புக்குக் குறுக்கே பின்னிழுத்து எறிந்தால், மேலிருந்து நோக்குவார்க்கு அது கடிகார முள் சுழலும் திசையிலே சுழலும். அங்ஙனம் எறிந்த தட்டு தொடக்கத்தில் நேராகவோ சிறிது வலப்புறமாகவோ சென்று, வேகம் குறையுங்கால் இடப்புறம் வளைந்து வீழும். இதன் காரணத்தைப் பம்பரம் விட்டவர் எளிதில் உணர்வர். சுழலாத பம்பரத்தைத் தட்டினால், தட்டிய பக்கமே சாய்ந்து வீழும். சுழலும் பம்பரத்தையோ ஒரு புறம் தள்ளினால், அது தள்ளிய புறம் சாயாது அதற்குக் குறுக்கான புறத்தே சாயும். தட்டும் அத்தகையதே. வேகம் குறைந்து தட்டு இறங்கும்போது, காற்றின் தூக்குவிசை அதன் நடுவுக்கு முன்னாக நின்று முன்விளிம்பை மேலே தள்ள முயல்கின்றது. சுழலும் பொருளாதலின் அத்தள்ளல் முன்விளிம்பை உயர்த்தாது, தட்டை இடப்புறம் சாய்த்துவிடுகின்றது. சாய்ந்த தட்டு சாய்ந்த பக்கமே வழுவிச் செல்லும். மரங்களைச் சுற்றி வளைத்து எறிவதற்கு இவ்வியல்பு பெரிதும் உதவும். ஆயின், எறிந்தவன் நோக்கிய இடம் வேறு, தட்டு வீழும் இடம் வேறு என்பதும் இதனாற் பெறப்படும்.

பூங்காவிலே இதுவே முதன்மையான செய்தி. கோல்ப் மைதானம் வேலியிட்ட தனி நிலம். அங்கத்தவரும் கட்டணம் கொடுத்தவருமே உள்ளே செல்வர். நம் நாட்டில் 1879இல் தொடங்கப்பட்ட கொழும்பு றோயல் கோல்ப் கழகத்தின் பசும்புற்றரையை மதிலுக்கு வெளியே நின்று நோக்கியவர் பலர். உள்ளே கால் வைத்தவர் சிலர். தட்டுக் கோல்ப்போ பெரும்பாலும் பொதுப் பூங்காவிலே, பெரும்பாலும் கட்டணமின்றி ஆடப்படுவது. தட்டு ஒன்றும் காலணி ஒன்றும் இருந்தாற் போதும், வறியவனும் ஆடலாம். இது அவ்விளையாட்டின் பெருமை. அதன் இடர்ப்பாடும் இதுவே. யாவர்க்கும் உரிய நிலத்தில் ஆடுவதால், ஆட்டத்தோடு தொடர்பில்லாதார் பலர் ஆடுகளத்தின் ஊடே நடமாடுவர்.

அன்று காலை அப்பூங்காவில் யாம் கண்டோர் பலதிறத்தர். முதியோர் மெல்ல நடந்தனர். இளைஞர் ஓடினர். நாயைக் கயிற்றிற் பிடித்து வந்தோர் சிலர்; குதிரைமேல் வந்தோர் சிலர். ஒரு குடும்பத்தார் மர நிழலில் உணவு பரப்பிக்கொண்டிருந்தனர். இவர்களிற் பெரும்பாலார்க்குத் தாம் ஓர் ஆடுகளத்தின் நடுவே நிற்கின்றோம் என்பதே தெரியாது. சங்கிலி தொங்கும் கூடையைக் குப்பைத் தொட்டி எனக் கருதுவாரும் உளர். சிறு குழந்தை ஒன்று புல்லிற் கிடந்த தட்டைக் கண்டெடுத்து, யாரோ தவறவிட்டது என்று எண்ணி, மகிழ்ச்சியோடு திருப்பி எறிந்துவிட்டது. அதன் உடையவர் கோபியாது சிரித்து, தட்டு முன்னர்க் கிடந்த இடத்தை அடையாளம் கண்டு மீளவும் எறிந்தார். தட்டின் அடியில் தத்தம் பெயரையும் தொலைபேசி எண்ணையும் எழுதிவைப்பது ஆடுவோர் வழக்கம். கண்டெடுத்தவர் அழைத்து ஒப்படைப்பது இப்பூங்காக்களில் உள்ள நல்வழக்கு.

ஆடுவோன் நடப்போனைக் காக்கும் முறை யாது? எறியுமுன் கண்ணாற் பார்த்தல் மாத்திரம் போதாது; கணக்கும் வேண்டும். தொண்ணூறு மீற்றர் செல்லும் தட்டு ஏறத்தாழ ஐந்து விநாடி வானத்தில் இருக்கும். ஐந்து விநாடியில் நடப்பவர் ஏழு மீற்றர் நகர்ந்துவிடுவார். சைக்கிளில் வருபவர் இருபது மீற்றர் வந்துவிடுவார். எறியும்போது வெறிதாய் இருந்த இடம் வீழும்போது வெறிதாய் இராது. ஆதலின், தட்டு செல்லும் நேர்வழியை மட்டுமன்றி, அது வளைந்து வீழத்தக்க இடப்புறத்தையும், அவ்விடத்தை நோக்கி வந்துகொண்டிருப்போரையும் நோக்குதல் கடன். வளைவுக்கு அப்பால் வழி தெரியாதவிடத்து, உடன் ஆடுவோருள் ஒருவர் முன்சென்று நின்று கையசைத்த பின்னரே எறிவர். தப்பிப் போன தட்டு எவரையேனும் நோக்கிச் சென்றால், ‘போர்!’ என்று உரக்கக் கூவுவர். கோல்ப் ஆட்டத்தினின்று வந்த ஆங்கிலச் சொல் அது. எம் செவிக்கோ போர் முழக்கமாகவே கேட்டது.

சங்கத்தின் விதியும் இதனையே வற்புறுத்துகின்றது. ஒருவருக்குக் காயம் நேரக்கூடுமாயின் எறிதல் ஆகாது என்பது விதி. முதன்முறை மீறியவர்க்கு எச்சரிக்கை. மீண்டும் மீறினால் தண்டமாக ஓர் எறி. வேறொரு விதி இன்னும் நுட்பமானது. தன் முறை வந்தவர் முப்பது விநாடிக்குள் எறிதல் வேண்டும். ஆயின், அம்முப்பது விநாடி களம் வெறிதான பின்னரே எண்ணப்படும். வழிப்போக்கர் கடந்து செல்லக் காத்திருக்கும் காலம் எவர் கணக்கிலும் சேராது. பொறுமையாற் புள்ளி இழப்பார் இல்லை என்பதை விதியே உறுதி செய்திருக்கின்றது.

இவ்வளவும் எமது மாணவர் ஆட்டம் தொடங்குமுன்னரே எமக்கு விளக்கியிருந்தார். ஆசிரியர்க்குரிய பெருமிதத்தோடு யாமும் விளங்கிற்று என்று தலையசைத்தோம். நாலைந்து கூடைகள் கடந்தன. எமக்குப் பின்னே வேறொரு குழுவினர் வந்து காத்து நின்றனர். முதிராத கையோடு நேரத்தை வீணாக்குகின்றோமே என்னும் கூச்சம் எம்மைப் பற்றிக்கொண்டது. களத்தின் இடப்புறமாக ஒரு நடைபாதை சென்றது. அதில் இளந்தாய் ஒருத்தி குழந்தை வண்டிலைத் தள்ளிக்கொண்டு வந்தாள். வெகு தொலைவில் வருகின்றாள், எமது வலுவற்ற எறி அவ்வளவு தூரம் செல்லாது என்று எண்ணிக் கையைப் பின்னிழுத்தோம்.

“சேர், பொறுங்கோ. ஆள் போகட்டும்,” என்றார் மாணவர்.

அச்சொல் செவியில் விழுமுன் தட்டு கையை விட்டு அகன்றது. அன்று எறிந்த எறிகளெல்லாவற்றுள்ளும் அதுவே நன்றாய்ப் பறந்தது. நேரே சென்று, தயங்கி, இடப்புறம் சாய்ந்து, நடைபாதையை நோக்கி வளைந்தது. மாணவர் கூவினார். எமக்கோ நா எழவில்லை. வண்டிலின் சில்லுக்கு ஒரு முழம் முன்னாகத் தட்டு நிலத்திற் பட்டு, துள்ளி, புதருள் நுழைந்தது. அத்தாய் நின்றாள். குனிந்து குழந்தையைப் பார்த்தாள். பின்னர் எம் பக்கம் திரும்பிப் பார்த்தாள். யாம் ஓடிச் சென்று மன்னிப்புக் கேட்டோம். அவள் ஒரு சொல்லும் சொல்லாது வண்டிலைத் தள்ளிக்கொண்டு போயினாள். ஏசியிருந்தால் எமக்குச் சிறிது ஆறுதலாய் இருந்திருக்கும்.

எமது மாணவர் பின்னே நின்ற குழுவினரைக் கையசைத்து முன்செல்லவிட்டார். விரைந்து ஆடுவோரை முன்செல்லவிடுதல் அவ்வாட்டத்தின் மரபு. தொடக்கத்திலேயே யாம் அதனைச் செய்திருக்கலாம். கூச்சமும் விரைவும் கூடி எமது கண்ணை மறைத்தன. மரத்தடியில் அமர்ந்தோம். வகுப்பறையிலே எத்தனையோ பிழைகளை யாம் திருத்திய மாணவர், எமது பிழையைப் பற்றி ஒன்றும் பேசாது தண்ணீர்ப் போத்தலை நீட்டினார்.

இத்தகைய பிழைகள் நேராவண்ணம் களங்களை அமைப்போர் செய்யத்தக்கவை பல உள. நடைபாதையும் விளையாட்டுத் திடலும் இடப்புறத்தே அமையாதவாறு எறியும் திசையை வகுக்கலாம். குறித்த மரம் ஒன்றை இன்ன பக்கத்தாலேதான் தட்டு கடத்தல் வேண்டும் என்று கட்டாய வழி விதித்து, மக்கள் நடமாடும் இடத்தை விலக்கலாம். களம் இது என்பதை நடப்போர்க்கு உணர்த்தும் பலகை நாட்டலாம். மரங்களுக்கும் காவல் வேண்டும். பலர் கால் படுவதால் வேரடி மண் இறுகும். தட்டுகள் ஓயாது மோதுவதாற் பட்டை சிதையும். ஆகவே, கூடைகளை ஆண்டுதோறும் இடம் மாற்றி, நிலத்துக்கு ஓய்வு கொடுக்கும் வழக்கமும் சில இடங்களில் உண்டு. எனினும், எத்துணை நன்றாய் வகுத்த களத்திலும் இறுதிக் காவல் எறிபவன் கையிலேயே இருக்கின்றது. நடப்பவர்க்கு விதி தெரியாது. தெரிந்திருத்தல் வேண்டும் என்று எதிர்பார்த்தலும் முறையன்று. பூங்கா அவர்க்கும் உரியது. தட்டை ஏந்தியவனுக்கே தட்டின் இயல்பு தெரியும். ஆதலின் பொறுத்திருக்கும் கடனும் அவனதே.

சிறிது நேரம் கழித்து, “இவ்வளவு பொறுமையை எங்கே கற்றீர்?” என்று யாம் வினவினோம். அமெரிக்க நாட்டுப் பூங்காவிலே கற்றேன் என்று விடை வரும் என எண்ணினோம்.

“சேர், சின்னனிலை கோயில் வீதியிலைதானே கிரிக்கெற் விளையாடினனாங்கள். ஆச்சிமார் கும்பிட வந்தால் பந்தைக் கையிலை வைச்சுக்கொண்டு நிப்பம். நீங்களும் பின்னேரத்திலை சைக்கிளிலை அதாலைதானே போவீங்கள்,” என்றார் அவர்.

அப்பொழுது எமக்கு நினைவு வந்தது. மாலையிற் கல்லூரி விட்டு அவ்வீதியாற் செல்லுங்கால் சிறுவர் கூட்டம் ஒன்று ஆட்டத்தை நிறுத்தி ஒதுங்கி நிற்கும். பந்து வீசுபவன் பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு நிற்பான். ஆசிரியர்க்கு அஞ்சி நிற்கின்றனர் என்றே பல்லாண்டு யாம் கருதியிருந்தோம். ஆச்சிக்கும், பால்காரருக்கும், கன்றை ஓட்டிச் சென்ற சிறுமிக்கும் அவர்கள் அங்ஙனமே நின்றனர் என்பதை யாம் நோக்கியதில்லை.

நம் கல்லூரியிற் பயின்று உலகின் பல பாகங்களிலும் வாழும் பழைய மாணவர் பலர் இம்மலரைப் படிப்பர். அவர்கள் வாழும் ஊர்ப் பூங்காவிலும் சங்கிலி தொங்கும் கூடைகள் இருத்தல் கூடும். வாய்ப்பு உண்டாயின் பிள்ளைகளோடு சென்று ஆடுக. செலவு சிறிது, மகிழ்ச்சி பெரிது. இன்று கல்லூரியிற் பயிலும் மாணவர்க்கும் ஒன்று கூறுவோம். மைதானத்தில் ஆடுங்கால் நடுவர் உங்களைக் காண்பார். வீதியிலும் பூங்காவிலும் ஆடுங்கால் நடுவர் இல்லை. ஆள் வருகின்றாரா என்று நீங்களே பார்த்தல் வேண்டும். வந்தால் அவர் போகும்வரை நிற்றல் வேண்டும். கோயில் வீதியில் நின்ற அச்சிறுவர்களின் வழக்கு நம்மிடையே என்றும் நிலைபெறுக.